தோற்ற அணியும் நமது நாவும்



எங்கள் செட்டியார்பட்டிக்கும் சென்னை நேரு விளையாட்டரங்கத்திற்கும் இடையே ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு உண்டு. ஆயினும் சென்னையின் எஃப்.சி. தோற்றுவிட்டால், மறுநாள் அந்தக் கோபம் மாலை நேர மதரஸாவின் வாசல் வரை வந்து சேர்ந்துவிடுகிறது. ஓதுவதற்கு வரும் பிள்ளைகள் கிதாபைத் திறக்கும் முன்பே பயிற்சியாளரைத் திட்டி முடித்துவிடுகிறார்கள். "இவரைத் துரத்தினால்தான் அணி உருப்படும்" என்பது அவர்களின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைப் பற்றிப் பெற்றோர்களாகிய உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டை நேசிப்பது குற்றமன்று. நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியிருக்கிறார்கள். அபிசீனியர்கள் பள்ளிவாசலில் ஈட்டி விளையாடியபோது அன்னையாருக்கு அதைக் காணவும் வாய்ப்பளித்தார்கள். தான் நேசிக்கும் அணி தோற்கும்போது ஒரு ரசிகன் வருந்துவதும் காரணம் கேட்பதும் இயல்பே. அந்தக் கேள்வி நீதியோடு கேட்கப்படுகிறதா என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

சென்னையின் எஃப்.சி.யின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 2014இல் தொடங்கப்பட்ட இந்த அணி 2015இலும், 2017-18 பருவத்திலும் ஐ.எஸ்.எல். கோப்பையை வென்றது. இரண்டாவது கோப்பையை வென்று தந்தவர் பயிற்சியாளர் ஜான் கிரகரி. அடுத்த பருவத்திலேயே, அதே கிரகரியின் கீழ், அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் மட்டும் பெற்றுப் பட்டியலின் கடைசி இடத்திற்கு இறங்கியது. ஓராண்டுக்குள் ஒரு மனிதர் தம் தொழிலையே மறந்துவிடுவாரா?

2019ஆம் ஆண்டின் இறுதியில் கிரகரி விலக, ஓவன் கோய்ல் வந்தார். பட்டியலின் அடிப்பகுதியில் கிடந்த அணியை 2020 மார்ச்சில் இறுதி ஆட்டம் வரை கொண்டுசென்றார். ரசிகர்கள் கொண்டாடினர். அவர் சென்ற பின்னர் 2020-21இல் சாபா லாஸ்லோ, அடுத்த பருவத்தில் போசிதார் பண்டோவிச், அதற்கடுத்து தாமஸ் பிர்டாரிச் எனப் பருவத்திற்கு ஒருவர் வந்தார். பண்டோவிச் பருவம் முடியும் முன்பே நீக்கப்பட்டார். இத்தனை மாற்றத்திற்கும் விளைவு என்ன? அந்த மூன்று பருவங்களிலும் அணி பெற்ற இடம் எட்டு, எட்டு, எட்டு.

மீண்டும் கோய்ல் அழைக்கப்பட்டார். 2023-24இல் ஆறாம் இடம் பிடித்து அணி அடுத்த சுற்றுக்குச் சென்றது. மறுபருவத்தில் 13 அணிகளில் 11ஆம் இடம். முன்பு கொண்டாடிய வாய்களே அவரை ஏசின. 2025இல் அவரும் விலகினார். கோய்லிடம் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஆள் தேர்விலும் ஆட்ட உத்தியிலும் அவர் பதில் சொல்ல வேண்டியவை இருக்கலாம். ஆனால் மூவர் மாறியும் இடம் மாறவில்லை என்றால், நோயின் வேர் அந்த ஒற்றை நாற்காலியில் மட்டும் இருக்க முடியாது அல்லவா? வீரர்களை வாங்குவோர், விற்போர், பணம் ஒதுக்குவோர், போட்டியையே நடத்துவோர் எனப் பொறுப்பாளிகள் பலர் உண்டு. அவர்கள் மைதானத்தின் ஓரத்தில் நிற்பதில்லை. அதனால் நம் கண்ணில் படுவதுமில்லை.

கண்ணில் படாத பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதைக் கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் நமக்குக் காட்டுகிறது. 1891இல் தோன்றிய அந்தக் கிளப், 1934இல் கல்கத்தா லீக்கை வென்ற முதல் இந்திய அணி என்ற பெருமையைப் பெற்றது. தொடர்ந்து 1938 வரை ஐந்து முறையும் அதுவே வென்றது. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் நம் சமுதாயத்தினர் பலருக்கு அது தலைநிமிர்வின் அடையாளமாக விளங்கியது. நெடுங்காலத்திற்குப் பின், 2023-24இல் ஐ-லீக் பட்டம் வென்று ஐ.எஸ்.எல்.லுக்குள் நுழைந்தது. அங்கே அதன் முதல் வெற்றி, 2024 செப்டம்பரில் சென்னையில், நம் சென்னையின் எஃப்.சி.க்கு எதிராகவே கிடைத்தது.

அதன் பிறகு சரிவுதான். அக்டோபரில் கேரளா பிளாஸ்டர்ஸுடன் நடந்த ஆட்டத்தில் ரசிகர்கள் சிலர் மைதானத்திற்குள் பொருள்களை வீச, ஆட்டம் சிறிது நேரம் நின்றது. பருவ முடிவில் 24 ஆட்டங்களில் இரண்டே வெற்றி, 13 புள்ளிகள், கடைசி இடம். ஆனால் இடையில் நடந்தது என்ன? வீரர்களுக்கும் பயிற்சியாளருக்கும் ஊதியம் நிலுவையில் இருந்தது. வீரர்கள் பயிற்சியைப் புறக்கணித்தனர். பயிற்சியாளர் ஆந்த்ரே செர்னிஷோவ் 2025 ஜனவரியில் ஊதியம் வராததைக் கூறி விலகினார்.

உழைப்பாளியின் வியர்வை உலரும் முன் அவனது கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. அந்தக் கட்டளை மீறப்பட்ட இடத்தில், கூலி கிடைக்காதவனைப் பார்த்து "ஏன் ஓடவில்லை?" என்று கூச்சலிடுவது எந்த வகை நீதி? ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்புக்கூட நம்மை நீதியிலிருந்து விலக்கிவிடக் கூடாது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனம் எச்சரிக்கிறது. வெறுப்புக்கே அந்த வரம்பு என்றால், அணியின் மீதுள்ள நேசத்தால் வரும் கோபத்திற்கு வரம்பு வேண்டாமா?

"அப்படியானால் யாரையும் விமர்சிக்கவே கூடாதா, உஸ்தாத்?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கூடும். புறம் பேசுவது பெரும்பாவம் எனினும், அநீதியை முறையிடுதல், தீமையைத் திருத்த உதவி கோருதல், பிறரை எச்சரித்தல் போன்ற ஆறு சந்தர்ப்பங்களில் அனுமதி உண்டு என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் வகுத்துக் கூறியுள்ளார்கள். பயிற்சியாளரின் பணி பொதுவெளியில் நடைபெறுவது. யாரை இறக்கினார், யாரை உட்கார வைத்தார், ஏன் தற்காப்பு சிதைந்தது என்று கேட்பது அந்தப் பணியைப் பற்றிய பேச்சு. அவருடைய உடலை, நாட்டை, குடும்பத்தை இழிவுபடுத்துவதும் பட்டப்பெயர் சூட்டுவதும் அவருடைய மானத்தில் கைவைப்பது. அதை அல்லாஹ் தடுத்திருக்கிறான். கைபேசியில் தட்டச்சு செய்வதும் நாவால் பேசுவதும் பதிவேட்டில் ஒன்றே.

தோல்விக்குப் பின் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு உஹதை விட மேலான பாடம் இல்லை. ஒரு விளையாட்டை அந்தப் போர்க்களத்தோடு நான் ஒப்பிடவில்லை. பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். மதீனாவுக்குள் இருந்தே எதிர்கொள்ளலாம் என்பது நபி (ஸல்) அவர்களின் விருப்பமாக இருந்தது. வெளியே சென்று போரிட வேண்டும் என்று பலர், குறிப்பாக இளைஞர்கள், ஆர்வத்தோடு கூறியதால் அவ்வாறே புறப்பட்டார்கள். குன்றின் மீது நிறுத்தப்பட்ட ஐம்பது வில்லாளர்களில் பெரும்பாலோர் கட்டளையை மறந்து இறங்கினர். எழுபது தோழர்கள் ஷஹீதானார்கள். அந்த வேதனைக்குப் பின் இறங்கிய வசனம், அவர்களை மன்னிக்கும்படியும், அவர்களுக்காகப் பாவமன்னிப்புக் கோரும்படியும், காரியங்களில் தொடர்ந்து அவர்களோடு ஆலோசிக்கும்படியும் பணித்தது. பிழை இன்னதென்று மறைக்கப்படவில்லை. பிழை செய்தவர்கள் விரட்டப்படவும் இல்லை.

இது பந்தாட்டத்தோடு முடிகிற செய்தியன்று. நம் மஹல்லாக்களைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு ஓதல் வரவில்லையா, இமாமை மாற்று. மாலை மதரஸாவில் கூட்டம் குறைந்ததா, உஸ்தாதை மாற்று. ஈராண்டுக்கு ஒருவர் வருகிறார், போகிறார். பிள்ளைகளின் ஓதலோ இருந்த இடத்திலேயே நிற்கிறது. அவருக்கு என்ன ஊதியம் தருகிறோம், அது மாதத்தின் எந்தத் தேதியில் அவர் கைக்குச் சேர்கிறது, வீட்டில் பிள்ளையை உட்கார வைத்து நாம் எத்தனை நாள் ஓதச் சொன்னோம் என்ற கேள்விகளை நிர்வாகக் கூட்டங்களில் எழுப்புவோர் மிகச் சிலரே. பயிற்சியாளரைத் துரத்தச் சொல்லிப் பழகும் பிள்ளைதான் நாளை ஜமாஅத்தின் நிர்வாகியாக அமரப்போகிறது. எனவே அந்தப் பழக்கத்தை இப்போதே திருத்துவது நம் கடமை.

2025 ஜூலையில் கிளிஃபோர்ட் மிராண்டா சென்னையின் எஃப்.சி.யின் புதிய பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். அடுத்த மாதமே, லீக்கின் எதிர்காலம் தெளிவில்லாத நிலையில், கிளப் தன் செயல்பாடுகளைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. ஆளை மாற்றக் கேட்டவர்களுக்கு ஆள் மாறினார். ஆடுவதற்குத்தான் அப்போது களம் இருக்கவில்லை. இதைவிடத் தெளிவாக அப்பிள்ளைகளுக்கு வேறு எவரும் விளக்க முடியாது.

ஆகவே பெற்றோர்களே, உங்கள் மகன் தன் அணிக்காகக் கோபப்படும்போது அவனை அதட்டி அடக்காதீர்கள். அருகில் அமர்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள்: தவறு எங்கே நடந்தது? அதற்கு உண்மையில் பொறுப்பானவர் யார்? நீ சொல்லும் சொல்லை அந்த மனிதரின் முகத்துக்கு நேராகச் சொல்வாயா? இம்மூன்றுக்கும் நேர்மையாகப் பதில் சொல்லப் பழகியவன் ரசிகனாகவும் நல்லவனாக இருப்பான், நிர்வாகியாகவும் நீதமானவனாக இருப்பான், இன்ஷா அல்லாஹ்.

கோபத்திலும் நீதி தவறாத நாவையும், உழைத்தவரின் உரிமையை உரிய நேரத்தில் கொடுக்கும் கரத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.