மானிட்டர் தெரியவில்லையா? லினக்ஸை அழிக்க வேண்டாம்!

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். விண்டோஸ் 10 தொகுப்பிற்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துக் கொண்டது. அவருடைய லேப்டாப் விண்டோஸ் 11 ஏற்கும் தகுதி பெறவில்லை. எனவே வெளியூரில் வேலை பார்க்கும் மகன், விடுமுறையில் வந்தபோது அதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லாம் நன்றாகவே இயங்கியது. பின்னர் கண் அறுவை சிகிச்சை. சிறிய திரையில் படிக்க முடியவில்லை என்று 24 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கி, ஹெச்.டி.எம்.ஐ. கேபிளில் இணைத்தார். மானிட்டரில் வந்தது ஒரே செய்திதான்: "நோ சிக்னல்".

பழுது பார்க்கும் கடையில் கேட்டிருக்கிறார். "லினக்ஸில் இரண்டாவது மானிட்டர் எல்லாம் வராது சார். பார்மட் செய்துவிடலாம்" என்று பதில் கிடைத்தது. பேரப் பிள்ளைகளின் பதினோரு வருடப் போட்டோக்கள் அந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் இருந்தன. வேறு எங்கும் பேக் அப் இல்லை. லேப்டாப்பைக் கடைக்குக் கொண்டு போகும் வழியில் என்னைப் பார்த்தார் என்பதுதான் நல்ல நேரம்.

மானிட்டர் தெரியவில்லை என்பதற்காக ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அழிப்பது, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வீட்டை இடிப்பது போன்றது. முதலில் எங்கே அடைப்பு என்று பார்க்க வேண்டாமா?

கேபிளில் இருந்து தொடங்குங்கள். இன்னொரு கேபிள், மானிட்டரில் இன்னொரு போர்ட், மானிட்டர் பட்டனில் சரியான இன்புட் என்று ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். யு.எஸ்.பி. டைப் சி வழியாக இணைப்பவர்கள் மட்டும் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். எல்லா டைப் சி போர்ட்டும் படத்தை அனுப்பாது. சில போர்ட்கள் சார்ஜ் ஏற்றவும் பைல்களைக் கடத்தவும் மட்டுமே. லேப்டாப்பின் கையேட்டில் டிஸ்பிளே போர்ட் ஆல்ட் மோட் அல்லது தண்டர்போல்ட் வசதி உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் லினக்ஸிலும் வராது, விண்டோஸிலும் வராது.

அடுத்து, லேப்டாப் அந்த மானிட்டரை உணர்கிறதா என்று பார்க்க வேண்டும். சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்பிளே பகுதியைத் திறந்தால் இரண்டு பெட்டிகள் தெரிய வேண்டும். இரண்டும் தெரிந்தால் பெரிய சிக்கல் இல்லை. விண்டோஸ் கீயுடன் பி கீயை அழுத்தி, இரண்டிலும் ஒரே படமா, நீட்டித்த திரையா என்று மாற்றிப் பாருங்கள். ஒரே பெட்டிதான் இருந்தால் டெர்மினலைத் திறந்து எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்ற ஆறு ஆங்கிலச் சிறிய எழுத்துகளை இடைவெளியின்றி டைப் செய்து என்டர் தட்டவும். இது எதையும் மாற்றாது. போர்ட்களைப் பட்டியலிட்டு, எதில் மானிட்டர் உள்ளது, எதில் இல்லை என்று காட்டும் அவ்வளவுதான். (உபுண்டுவின் புதிய பதிப்புகள் வேலண்ட் முறையில் இயங்குவதால் அங்கே இந்தப் பட்டியல் முழுமையாக இருக்காது. டிஸ்பிளே செட்டிங்ஸையே நம்புங்கள்.)

தலைமை ஆசிரியரின் லேப்டாப்பில் ஹெச்.டி.எம்.ஐ. என்ற பெயரே பட்டியலில் இல்லை. திரை வெளிச்சத்தைக் கூட்டும் கீயும் வேலை செய்யவில்லை. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் எனக்கு ஒரு சந்தேகம் வரும். லினக்ஸ் நிறுவுகையில் திரை கறுப்பாகிவிட்டால், பூட் வரியில் "நோமோட்செட்" என்ற சொல்லைச் சேர்க்கச் சொல்வார்கள். கிராபிக்ஸ் டிரைவரை ஒதுக்கிவிட்டு எளிய முறையில் படம் காட்டு என்பது அதன் பொருள். நிறுவி முடிக்கும் வரைக்குமான ஊன்றுகோல் அது. மகன் அதை நிரந்தரமாகவே கிரப் பைலில் எழுதிவிட்டு ஊருக்குப் போய்விட்டார்! டிரைவர் விலகி நிற்கும்போது ஹெச்.டி.எம்.ஐ. போர்ட்டை யார் இயக்குவது? டிரைவர் மேனேஜரில் பரிந்துரைக்கப்பட்ட டிரைவரை இன்ஸ்டால் செய்து, கிரப் பைலில் அந்த ஒரு சொல்லை நீக்கி, கிரப்பை அப்டேட் செய்து ரீஸ்டார்ட் செய்தோம். மானிட்டர் வந்துவிட்டது. டிரைவரைப் போடாமல் அந்தச் சொல்லை மட்டும் நீக்கினால் பழைய கறுப்புத் திரை திரும்பலாம் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். லினக்ஸ் தெரிந்த நண்பர்களிடமும் எனக்கு வருத்தம் உண்டு. உதவி என்று கேட்டால் ஒரு பக்கம் நிறைய கட்டளைகளை அனுப்பி, அப்படியே காப்பி செய்து ஒட்டச் சொல்கிறார்கள். அதில் பாதி, மானிட்டர் விவரங்களைக் கையால் எழுத வேண்டியிருந்த காலத்தவை. இன்று மானிட்டர் தன் விவரத்தைத் தானே கேபிள் வழியாகச் சொல்லிவிடுகிறது. பழைய கான்பிக் பைலை இப்போது ஒட்டினால் ஒழுங்காக இருப்பதும் கெட்டுவிடும்.

லினக்ஸில் குறையே இல்லை என்பவர்களையும் நம்ப வேண்டாம். என்விடியா சிப் உள்ள பல லேப்டாப்களில் வெளி மானிட்டர் போர்ட் அந்தச் சிப்புடன்தான் இணைக்கப்பட்டிருக்கும். அதன் டிரைவர் சரியாக அமையாவிட்டால் மானிட்டரும் இல்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே 2012ல் பின்லாந்தில் ஒரு கூட்டத்தில் அந்த நிறுவனத்தைக் கடுமையான சொற்களால் திட்டினார். 2022ல்தான் அவர்கள் தங்கள் கெர்னல் டிரைவரின் மூல நிரலைத் திறந்து வைத்தார்கள். இன்றும் செக்யூர் பூட் இயங்கும் லேப்டாப்களில் டிரைவரைப் போட்டபின் ரீஸ்டார்ட் ஆகையில் ஒரு நீலத் திரை சில வினாடிகள் வந்து அனுமதி கேட்கலாம். பயந்து அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், டிரைவர் இயங்குவதில்லை. அந்தத் திரையில் என்ரோல் எம்.ஓ.கே. தேர்ந்தெடுத்து, இன்ஸ்டால் செய்கையில் நீங்கள் கொடுத்த பாஸ்வேர்டைத் தர வேண்டும். டிஸ்பிளே லிங்க் சிப் கொண்ட டாக் வாங்குபவர்கள் அதற்கெனத் தனி டிரைவர் தேவை என்பதை முன்கூட்டியே தெரிந்து கொள்ளுங்கள்.

எதைச் செய்வதற்கு முன்பும் போட்டோக்களை ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி செய்து கொள்ளுங்கள். தலைமை ஆசிரியரை அன்று முதலில் செய்ய வைத்ததும் அதுதான்.

நேற்று மறுபடியும் போன் செய்தார். லேப்டாப் மூடியை மூடினால் பெரிய திரையும் அணைந்துவிடுகிறதாம். பவர் மேனேஜ்மென்ட் பகுதியில், வெளி மானிட்டர் இருந்தாலும் மூடியை மூடியதும் உறங்கச் சொல்லும் ஆப்ஷன் ஒன்று இருக்கிறது. அதை ஆப் செய்யச் சொன்னேன்.