கடனுக்கு வரம்பு உண்டு; பிடிவாதத்திற்கு?

 

2023ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து மதரஸாத் திண்ணையில் அமர்ந்திருந்தேன். எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த முதியவர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். அவருடைய புதல்வர் இருவரும் சவூதியில் பணிபுரிகின்றனர். அவர்கள் அனுப்பும் பணத்திலிருந்துதான் மகளின் திருமணத்திற்கென்று சிறுகச் சிறுகச் சேர்த்து வந்தார்.

"ஹஜ்ரத், அமெரிக்கா கடனைக் கட்ட முடியாமல் திவாலாகப் போகிறதாமே! ரியாலுக்கு ஏதும் ஆகிவிடுமா? கையில் இருப்பதை இப்போதே அனுப்பிவிடும்படி பிள்ளைகளிடம் சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று அது. சவூதி ரியாலின் மதிப்பு, ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று 1986 முதல் நிலையாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அமீரகத்தின் திர்ஹமும் அவ்வாறே டாலருடன் பிணைக்கப்பட்டதுதான். டாலர் இறங்கினால் அவையும் உடன் இறங்கும். ஆகவே, வாஷிங்டன் நகரத்தில் இரண்டு கட்சிகள் நடத்தும் வழக்கு, நம் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பணத்தையும் வந்து தொடுகிறது. கல்லூரி நாட்களில் பொருளாதாரத்தைத் துணைப்பாடமாகப் படித்த நினைவை வைத்துக்கொண்டு அன்று அவருக்கு ஏதோ விடை சொன்னேன். பிறகு அமர்ந்து முறையாகப் படித்தேன். படித்ததை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன்.

வரம்பு வந்த வரலாறு

அமெரிக்காவில் அரசின் கடனுக்குச் சட்டப்படி ஓர் உச்சவரம்பு உண்டு. முதல் உலகப் போரில் அந்நாடு இறங்கிய 1917ஆம் ஆண்டில், போர்ச் செலவுக்காகக் கடன் பத்திரங்கள் வெளியிட நேர்ந்தது. ஒவ்வொரு முறையும் மன்றத்தின் அனுமதிக்குக் காத்திராமல், குறித்த அளவுவரை அரசே பத்திரம் வெளியிட்டுக்கொள்ளலாம் என்று அன்று சட்டம் செய்தனர். வேலையை எளிதாக்குவதற்காக வந்த ஏற்பாடு அது. 1939ஆம் ஆண்டில் ஒட்டுமொத்தக் கடனுக்கும் ஒரே வரம்பு என்று ஆக்கப்பட்டது. அன்றைய வரம்பு 4,500 கோடி டாலர். 2025ஆம் ஆண்டு ஜூலையில் நிர்ணயிக்கப்பட்ட வரம்போ 41.1 லட்சம் கோடி டாலர்! ஏறத்தாழ 900 மடங்கு. வரம்பு என்ற பெயர் இருந்தும் கடன் வளர்வதை அது தடுக்கவில்லை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமா?

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். அந்நாட்டு மன்றம், எதற்கு எவ்வளவு செலவிடுவது என்பதைச் சில சட்டங்களால் முடிவு செய்கிறது. எவ்வளவு வரி வாங்குவது என்பதை வேறு சட்டங்களால் முடிவு செய்கிறது. செலவு மிகுந்து வரி குறைந்தால், இடைப்பட்ட தொகைக்குக் கடன் வாங்கத்தானே வேண்டும்? ஆனால், அந்தக் கடனுக்கு அனுமதி தர இன்னொரு சட்டம் தனியே வேண்டும். இன்னின்னாருக்கு இவ்வளவு கொடு என்று ஒரு சட்டம் கட்டளையிடும். கொடுப்பதற்குக் கடன் வாங்காதே என்று மற்றொரு சட்டம் கையைப் பிடிக்கும். இரண்டையும் இயற்றியது ஒரே மன்றம்!

வரம்பை உயர்த்துவது புதிய செலவுக்கு அனுமதி என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செலவுக்குப் பணம் கொடுக்க வழி செய்வது மட்டுமே அது. படைவீரரின் ஊதியம், முதியோரின் ஓய்வூதியம், மருத்துவ உதவி, பழைய பத்திரங்களின் தவணை ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். வரவு செலவுத் திட்டம் நிறைவேறாமல் அரசு அலுவலகங்களை மூடுவது வேறு; அதுவும் அங்கே அடிக்கடி நடக்கும். வரம்பு முட்டுவது அதனினும் கடுமையானது. ஏனெனில், இதில் கொடுத்த வாக்கே பொய்யாகிவிடும்.

இடம் மாறினால் வாதமும் மாறும்

அங்கே முக்கியமான கட்சிகள் இரண்டு: குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி. அதிபர் ஒரு கட்சியினராகவும், மன்றத்தின் ஓர் அவை மற்றொரு கட்சியின் கையிலும் இருக்கும்போதுதான் பூசல் முற்றுகிறது.

1995ஆம் ஆண்டில் கிளிண்டன் அதிபர். சபாநாயகர் கிங்ரிச் எதிர்க்கட்சியினர். செலவைக் குறைக்க ஒப்பினால்தான் வரம்பை உயர்த்துவோம் என்று அவர் தரப்பினர் நின்றனர். நிதியமைச்சர் ரூபின், அரசு ஊழியர் ஓய்வூதிய நிதிகளைத் தற்காலிகமாகப் பயன்படுத்தி மாதக் கணக்கில் நாளைக் கடத்தினார். 1996 மார்ச்சில் வரம்பு உயர்ந்தது.

2006ஆம் ஆண்டில் அதிபர் புஷ் வரம்பை உயர்த்தக் கோரியபோது, செனட் சபையில் 52க்கு 48 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த 48 பேரில் ஒருவர், அந்நாளில் செனட்டராக இருந்த ஒபாமா. பின்னர் அவரே அதிபராகி, 2011ஆம் ஆண்டில் வரம்பை உயர்த்துமாறு எதிர்க்கட்சியிடம் கேட்க வேண்டிய நிலை வந்தது. 2006இல் தாம் அளித்த வாக்கு தவறு என்று அப்போது அவர் ஒப்புக்கொண்டார்.

2024ஆம் ஆண்டின் இறுதியில், அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த டிரம்ப், இந்த வரம்பையே எடுத்துவிடலாம் என்றார். 2023இல் வரம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே குடியரசுக் கட்சி, 2025 ஜூலையில் ஒரே மூச்சில் 5 லட்சம் கோடி டாலர் உயர்த்தும் சட்டத்தை நிறைவேற்றியது. ஜனநாயகக் கட்சியினர் அனைவரும் அச்சட்டத்தை எதிர்த்து வாக்களித்தனர். ஆட்சியில் அமர்ந்தால் ஒரு பேச்சு. எதிரில் அமர்ந்தால் மறுபேச்சு. நாற்காலியைப் பொறுத்து மாறும் வாதத்தைக் கொள்கை என்று எவ்வாறு அழைப்பது?

கடைசி நாள்வரை

2011ஆம் ஆண்டின் கதை இவற்றுள் கொடியது. ஆகஸ்ட் 2ஆம் தேதியுடன் வழி அடைபடும் என்று கருவூலம் முன்னரே எச்சரித்திருந்தது. ஆகஸ்ட் 3ஆம் தேதி முதியோருக்கான ஓய்வூதியம் போய்ச் சேரும் என்று தம்மால் உறுதி கூற இயலாதென ஒபாமா அறிவித்தார். எண்ணிப் பாருங்கள்! மாதப் பிறப்பை எதிர்நோக்கி, மருந்துக் கடைக்கும் வீட்டு வாடகைக்கும் கணக்குப் பார்த்திருக்கும் ஒரு கிழவி, அந்த ஜூலை மாத இரவுகளை எவ்வாறு கழித்திருப்பாள்?

உடன்பாட்டில் கையொப்பமானது அதே ஆகஸ்ட் 2ஆம் தேதிதான். ஒரு தவணையும் தவறவில்லை. ஆயினும் மூன்று நாட்களில், கடன் தரத்தை மதிப்பிடும் ஸ்டாண்டர்டு அண்ட் பூவர்ஸ் நிறுவனம், அமெரிக்காவின் தரத்தை உச்சியிலிருந்து ஒரு படி இறக்கியது. இழுபறியால் அந்த ஒரு நிதியாண்டில் மட்டும் அரசின் கடன் செலவு சுமார் 130 கோடி டாலர் கூடிற்று என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே மதிப்பிட்டது. செலவைக் குறைக்கிறோம் என்று நடத்திய சண்டைக்கே இவ்வளவு செலவு!

2023இல் பைடன் அதிபராகவும் மெக்கார்த்தி சபாநாயகராகவும் இருந்தனர். வரம்பு 31.4 லட்சம் கோடி டாலரில் ஜனவரியிலேயே முட்டிவிட்டது. ஜூன் 5ஆம் தேதிக்குமேல் தாங்காது என்று கருவூலம் கூறியது. ஜூன் 3 அன்று கையொப்பமாயிற்று. ஆகஸ்டில் ஃபிட்ச் நிறுவனமும் தரத்தை இறக்கியது. 2025 மே மாதத்தில் மூடீஸ் நிறுவனமும் இறக்கியது. வளரும் கடனும் வட்டியும் இவ்விறக்கங்களுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டன. ஆனால், முதலிரண்டு முறையும் கட்சிகளின் இழுபறியும் சேர்த்தே சொல்லப்பட்டது.

1979ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். அப்போதும் கடைசி வேளையில்தான் வரம்பு உயர்ந்தது. அந்த அவசரத்தோடு இயந்திரக் கோளாறும் சேர்ந்துகொள்ளவே, சிறு முதலீட்டாளர் சிலருக்குச் சேரவேண்டிய சுமார் 12 கோடி டாலர், குறித்த நாளில் போய்ச் சேரவில்லை. பின்னர் கொடுத்துத் தீர்த்தனர். கொடுக்கக் கூடாதென்ற எண்ணம் எவருக்கும் இருந்ததில்லை. ஆயினும் விளிம்பில் நடந்தால் கால் இடறத்தான் செய்யும்.

மறுதரப்பின் நியாயம்

வரம்பை ஆதரிப்போரின் வாதத்தையும் கேட்பது நீதி. கடன் கட்டுக்கடங்காமல் வளர்கிறது. வரம்பு முட்டும் வேளையில்தான் ஆட்சியாளர் நின்று கேட்கின்றனர் என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. 2024 நிதியாண்டில் வட்டிக்கென்று மட்டும் அந்நாடு ஏறத்தாழ 88,000 கோடி டாலர் செலவிட்டது. அதன் இராணுவச் செலவையே அது விஞ்சிவிட்டது! வட்டியைப் பற்றி நம் மார்க்கம் கூறுவதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2011 உடன்பாட்டின் வழியே சில ஆண்டுகள் செலவுக்குக் கட்டுப்பாடு வந்ததும் உண்மையே.

ஆனால் கேள்வி வேறு. கட்டுப்பாட்டை எந்த இடத்தில் வைப்பது? டென்மார்க் நாட்டிலும் இத்தகைய வரம்பு உண்டு. ஆயினும் உண்மையான கடனுக்கு மிக உயரத்தில் அதை வைத்திருப்பதால், அங்கே பூசல் எழுவதில்லை. செலவைப் பற்றிய வாதத்தைச் செலவு செய்யும் முன்னரே முடித்துக்கொள்கின்றனர்.

ஒரு மளிகைக் கடைக்காரர்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஜமாஅத்தில் ஒரு வழக்கு வந்தது. கூட்டாக வாழ்ந்த அண்ணன் தம்பி இருவர், ஒரே பற்று நோட்டில் மாதக் கணக்கில் மளிகை வாங்கியிருந்தனர். இருவர் வீட்டிலும் அரிசி வெந்தது. இருவர் பிள்ளைகளும் உண்டனர். பணம் கொடுக்கும் நாள் வந்தபோது, தந்தையின் வீட்டைத் தாம் கேட்கும் முறையில் பிரித்தால்தான் தம் பங்கைக் கொடுப்பேன் என்று அண்ணன் அமர்ந்துவிட்டார். அவர் கேட்ட பங்கில் நியாயம் இருந்ததா இல்லையா என்பது தனி வழக்கு. அந்தக் கடைக்காரர் செய்த குற்றம் என்ன? மொத்த வியாபாரிக்கு அவர் கொடுக்க வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. மூன்று இரவுகள் பேசினோம். நானும் அங்கிருந்தேன். மூன்றாம் நாள் இஷாவுக்குப் பின் அண்ணன் பணத்தை எண்ணி வைத்தார். கடைக்காரர் வாங்கிக்கொண்டு ஸலாம் சொல்லிப் போனார். மறுமாதம் அவ்வீட்டுச் சிறுவன் நோட்டுடன் சென்றபோது, "தம்பி, வாப்பாவிடம் காசு வாங்கிக்கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினார். கொடுத்தது முழுப் பணம்தான், போனது மதிப்பு. தரத்தை ஒரு படி இறக்குவது என்பது இதுதான், வாசகர்களே!

திருமறையின் மிக நீண்ட வசனம் கடனைப் பற்றியது என்பதை அறிவீர்கள். எழுதிக்கொள்வதும் சாட்சி வைப்பதும் அங்கே கடன் கொடுக்கும் வேளைக்கே சொல்லப்பட்டுள்ளன. திருப்பிக் கேட்கும் வேளைக்கு அன்று. கடனோடு இறந்த ஒருவருக்குத் தொழுவிக்கப் பெருமானார் (ஸல்) அவர்கள் தயங்கியபோது, அபூ கதாதா (ரலி) அவர்கள் அக்கடனைத் தாம் ஏற்ற பின்னரே தொழுவித்தார்கள். சில தீனார்களுக்கே அவ்வளவு கவனம்!

முதியவருக்குச் சொன்ன விடை

அன்று அந்த முதியவரிடம், "அவசரப்பட வேண்டாம், மாமா. இவர்கள் கடைசி நாள்வரை சண்டையிட்டுக் கடைசி நாளில் கையொப்பமிடும் வழக்கமுடையவர்கள், பிள்ளைகள் எப்போதும்போல் அனுப்பட்டும்" என்றேன். என் ஊகம் பலித்தது. அதில் எனக்குப் பெருமையில்லை. என்றேனும் ஒரு நாள் இரு தரப்பாரும் எதிராளி இறங்குவார் என்று எண்ணி இறங்காமலே இருந்துவிட்டால், அன்று அல்லலுறுவோர் மன்றத்தில் அமர்ந்திருப்போர் அல்லர். ஓய்வூதியத்தை நம்பிய கிழவியும், ரியாலை நம்பிய இந்தத் தந்தையும்தான்.

அடுத்த ஆண்டு அவர் மகளின் நிக்காஹ் நடந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பே ஒரு தாளில் தம் வரம்பை எழுதினார். தொலைபேசியில் புதல்வர்களை அழைத்து, என்னையும் அருகில் வைத்துக்கொண்டு மஷூரா செய்தார். பந்தல், விருந்து, துணிமணி ஒவ்வொன்றும் அதற்குள் அடங்கின. அடங்காதவற்றை அங்கேயே அடித்தார். அவற்றுள் இரண்டு அவருடைய மனைவி ஆசைப்பட்டவை. அம்மையாருக்கு வருத்தம்தான். ஆனால், வலீமா முடிந்த மறுநாள் பணம் கேட்டு எவரும் அவர் வாசலில் நிற்கவில்லை.

"அவர்கள் கடைசியில் போடும் வரம்பை நான் முதலிலேயே போட்டுவிட்டேன், ஹஜ்ரத்" என்றார்.

உங்கள் வீட்டிலும் ஏதேனும் ஒரு செலவு வர இருக்கலாம். வாதிட வேண்டியதை இன்றே வாதிட்டு முடித்துவிடுங்கள். வாங்கிய பின், கொடுப்பதைப் பற்றி வாதம் வேண்டாம். இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.