அக்காக்கள் இருக்க தம்பிக்கு மட்டும் பட்டம்: 900 ஆண்டு பழைய விதி பிரிட்டனை இன்னும் விடாதது ஏன்?

2016 ஆகஸ்ட் மாதம் 6வது வெஸ்ட்மின்ஸ்டர் டியூக் காலமானார். லண்டனின் விலை உயர்ந்த பகுதிகளான மேஃபேர், பெல்கிரேவியாவில் பெரும் நிலப்பரப்பைக் கையில் வைத்திருக்கும் குரோவ்னர் குடும்பத்தின் தலைவர் இவர். இவருக்கு நான்கு பிள்ளைகள். முதல் இருவரும் மகள்கள். ஆனால் டியூக் பட்டமும் எஸ்டேட்டின் தலைமையும் போய்ச் சேர்ந்தது மூன்றாவதாகப் பிறந்த மகன் ஹியூ குரோவ்னருக்கு. அப்போது அவருக்கு வயது 25.

உடனே இரண்டு கேள்விகள் கிளம்பின. இரண்டு அக்காக்கள் இருக்கும்போது தம்பிக்கு ஏன்? பிரிட்டனில் வாரிசு வரி 40% என்றால், டிரஸ்டுகளில் வைக்கப்பட்ட சொத்துக்கு மட்டும் அது அப்படியே பொருந்தாதது ஏன்?

அடுத்த பஞ்சாயத்து நாடாளுமன்றத்தில். பிறப்பால் மட்டுமே பிரபுக்கள் அவையில் உட்காரும் உரிமையை முழுவதுமாக நீக்கும் மசோதாவை 2024 செப்டம்பரில் தொழிலாளர் கட்சி அரசு கொண்டுவந்தது.

பட்டம், வரி, பதவி என்று மூன்றும் தனித்தனி சண்டை போலத் தெரியும். ஆனால் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: இடைக்கால இங்கிலாந்தின் நிலச் சட்டம்.

நிலம் யாருடையது?

1066ல் நார்மண்டியில் இருந்து படையெடுத்து வந்து இங்கிலாந்தைப் பிடித்தார் வில்லியம். அதன்பின் நாட்டில் உள்ள ஒவ்வொரு அடி நிலமும் மன்னருக்குச் சொந்தம் என்றானது. பிரபுக்கள் யாரும் உரிமையாளர்கள் இல்லை. மன்னரிடம் இருந்து நிலத்தைப் பெற்று 'வைத்திருப்பவர்கள்', அவ்வளவுதான்.

1086ல் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கெடுப்பு இதைப் பதிவு செய்தது. நிலத்தின் மதிப்பில் ஏறத்தாழ கால் பங்கு திருச்சபையிடம் இருந்தது. பாதி அளவு, 200 பேருக்கும் குறைவான பிரபுக்களிடம் இருந்தது.

இந்த நிலத்துக்கு வாடகை பணம் இல்லை, போர் வீரர்கள். இத்தனை நிலத்துக்கு இத்தனை குதிரை வீரர்களை மன்னருக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் ஒப்பந்தம்.

ஏன் மூத்த மகனுக்கு மட்டும்?

சிம்பிளாகச் சொன்னால், நிலம் துண்டானால் படையும் துண்டாகும். ஒரு வீரருக்குக் குதிரை, கவசம், உதவியாள் எல்லாம் சேர்த்துப் பெரிய செலவு. அந்த நிலத்தை நான்கு மகன்கள் பிரித்துக்கொண்டால், நால்வரில் ஒருவராலும் அந்தச் செலவைத் தாங்க முடியாது. மன்னருக்கும் யாரைப் பிடிப்பது என்று தெரியாது. அதனால் ஒரே வாரிசு, ஒரே பொறுப்பு.

ஆனால் இது ஒரே நாளில் வந்த விதி இல்லை. நார்மன் குடும்பங்களில் பூர்வீகச் சொத்து மூத்தவனுக்கு, சுயமாகச் சம்பாதித்தது அப்பா விருப்பப்படி என்ற வழக்கம் இருந்தது. வில்லியமே 1087ல் அப்படித்தான் செய்தார். பூர்வீகமான நார்மண்டி மூத்த மகன் ராபர்ட்டுக்கு. வென்றெடுத்த இங்கிலாந்து அடுத்த மகன் வில்லியம் ரூஃபஸுக்கு. கடைசி மகன் ஹென்றிக்கு நிலமே இல்லை, கையில் 5,000 பவுண்டு பணம்.

அடுத்த நூறு ஆண்டுகளில் அந்த நெகிழ்வு போய், பிரபு குடும்பங்களில் 'மூத்தவனுக்கே எல்லாம்' என்பது கெட்டியானது. கென்ட் போன்ற சில பகுதிகளில் மட்டும் மகன்கள் எல்லோருக்கும் சமபங்கு என்ற பழைய வழக்கம் நீடித்தது.

அப்பா இறந்ததும் வரும் பில்

மூத்த மகனுக்கும் இது இலவசம் இல்லை. நிலத்தில் கால் வைக்கும் முன் மன்னருக்கு 'ரிலீஃப்' என்ற வாரிசுக் கட்டணம் செலுத்த வேண்டும். எவ்வளவு என்பதற்கு நீண்ட காலம் உறுதியான வரம்பு கிடையாது. ஒரு பிரபுவுக்கு 100 பவுண்டு நியாயம் என்று பேசப்பட்ட காலத்தில், 1205ல் மன்னர் ஜான் நிக்கோலஸ் டி ஸ்டட்வில் என்பவருக்குப் போட்ட தொகை 10,000 மார்க். ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. அதாவது சுமார் 6,667 பவுண்டு.

மகன் 21 வயதுக்குக் கீழே இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவனும் நிலமும் மன்னரின் 'வார்ட்ஷிப்' எனப்படும் காப்பில் போய்விடும். வருமானம் மன்னருக்கு. அந்தப் பிள்ளை யாரைத் திருமணம் செய்ய வேண்டும் என்பதும் மன்னர் கையில். இந்த உரிமையை மன்னர் வேறு ஒருவருக்குப் பணத்துக்கு விற்கவும் செய்வார். காப்பை வாங்கியவர், போட்ட பணத்தை எடுக்க நிலத்தைக் கசக்கிப் பிழிவார்.

20,000 மார்க் விலை பேசப்பட்ட பெண்

இந்த அமைப்பு எப்படி இயங்கியது என்பதற்கு குளோஸ்டர் இசபெல்லா ஒருவரின் கதை போதும்.

குளோஸ்டர் ஏர்லுக்கு மகன் வாரிசு இல்லாத நிலை, மூன்று மகள்கள். சட்டப்படி மகன் இல்லாவிட்டால் மகள்கள் எல்லோருக்கும் சமபங்கு. ஆனால் மன்னர் இரண்டாம் ஹென்றி தன் கடைசி மகன் ஜானுக்கு நிலம் தேடிக்கொண்டிருந்தார். மற்ற இரு மகள்களையும் ஒதுக்கிவிட்டு, இசபெல்லாவை மட்டும் வாரிசாக்கி, ஜானுக்கு நிச்சயம் செய்தார். 1189ல் திருமணம் நடந்தது.

1199ல் ஜான் மன்னரானார். கையோடு அந்தத் திருமணத்தை ரத்து செய்ய வைத்தார். மனைவியை விட்டார், நிலத்தின் பெரும்பகுதியை விடவில்லை. இசபெல்லா மன்னரின் காப்பிலேயே ஆண்டுக்கணக்கில் இருந்தார்.

1214ல் ஜானுக்குப் போர்ச் செலவுக்குப் பணம் தேவைப்பட்டது. இசபெல்லாவை மணக்கும் உரிமைக்கு எசெக்ஸ் ஏர்ல் ஜெஃப்ரி டி மாண்டவில்லிடம் அவர் போட்ட விலை 20,000 மார்க், அதாவது 13,000 பவுண்டுக்கும் மேல். 100 பவுண்டு என்ற வழக்கமான கட்டணத்தோடு ஒப்பிட்டால் 130 மடங்கு!

அடுத்த ஆண்டே ஜெஃப்ரி கிளர்ச்சிப் படையில் இருந்தார். மன்னரைக் கண்காணிக்க நியமிக்கப்பட்ட 25 பிரபுக்களில் அவரும் ஒருவர். 1217ல் இசபெல்லா பிள்ளை இல்லாமல் இறந்தார். அன்று ஒதுக்கப்பட்ட சகோதரி அமிஸின் மகனுக்குத்தான் கடைசியில் குளோஸ்டர் போனது.

மேக்னா கார்ட்டா: முதல் பக்கத்திலேயே சொத்துப் பிரச்சினை

1215ல் ஜான் ஏற்றுக்கொண்ட மேக்னா கார்ட்டாவை 'மக்கள் உரிமை சாசனம்' என்று படித்திருப்போம். ஆனால் திருச்சபை பற்றிய முதல் பிரிவைத் தாண்டியதும் வருவது வாரிசுச் சண்டைதான். 2வது பிரிவு ரிலீஃபுக்கு வரம்பு போட்டது: பிரபுவின் வாரிசுக்கு 100 பவுண்டு. அடுத்த பிரிவுகள் காப்பாளர் நிலத்தைப் பாழாக்கக் கூடாது என்றன. 8வது பிரிவு, விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. இந்தப் பிரிவுகளுக்குப் பின்னால் இசபெல்லா போன்றவர்களின் அனுபவம் இருக்கிறது.

மகள்களுக்கு எப்போது கிடைத்தது?

மகன் இல்லாதபோது மட்டும். ஆனால் அப்போது ஒரு பெரிய எஸ்டேட்டே மாயமாகிவிடும்.

வில்லியம் மார்ஷல் நான்காவது மகன். அதனால் நிலம் இல்லாமல், போட்டிகளில் குதிரையேறிப் பிழைத்தவர். 1189ல், 40 வயதைத் தாண்டிய பிறகு, இசபெல் டி கிளேர் என்ற பதின்ம வயது வாரிசை மணந்தார். ஒரே திருமணத்தில் வேல்ஸ், அயர்லாந்து வரை நிலம் கைக்கு வந்தது. பின்னாளில் சிறுவன் மூன்றாம் ஹென்றிக்காக நாட்டையே நிர்வகித்தார்.

அவருக்கு ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள். வாரிசுக்கு என்ன குறை? ஆனால் ஐந்து மகன்களும் ஒருவர் பின் ஒருவராக, சட்டப்படியான பிள்ளை இல்லாமலேயே இறந்தனர். கடைசி மகன் 1245ல். சொத்து ஐந்து மகள்கள் வழியில் ஐந்து கூறானது. பட்டம் போகலாம், ஆனால் நிலம் சிதறக் கூடாது என்று நினைத்த குடும்பங்களுக்கு இது கெட்ட கனவு.

சட்டத்தைத் தாண்ட ஒரு வழி

அந்தப் பயத்துக்கு இரண்டு மருந்து கிடைத்தது.

முதலாவது 'என்டெய்ல்'. 1285ல் வந்த சட்டத்தின்படி, இன்னாரின் வம்சத்துக்கு என்று எழுதிய நிலம் அந்த வம்சத்தில்தான் போக வேண்டும். நடுவில் வருபவர் விற்றுத் தீர்க்க முடியாது. காலப்போக்கில் 'ஆண் வாரிசுக்கு மட்டும்' என்று எழுதுவது பெருகியது. மகள் இருந்தாலும் நிலம் சித்தப்பாவுக்கோ அவர் மகனுக்கோ போகும்.

இரண்டாவது 'யூஸ்'. பிரபு உயிரோடு இருக்கும்போதே நிலத்தை நம்பிக்கையான சில நண்பர்கள் பெயரில் மாற்றிவிடுவார். பெயர் அவர்களுடையது, பலன் குடும்பத்துக்கு. பிரபு இறந்தாலும் நிலம் வைத்திருப்பவர்கள் இறக்கவில்லையே! அதனால் ரிலீஃபும் இல்லை, வார்ட்ஷிப்பும் இல்லை. இளைய மகனுக்கும் மகளுக்கும் எதையாவது ஒதுக்க நினைத்த அப்பாக்களுக்கும் இது உதவியது. ஏனென்றால் நிலத்தை உயிலில் எழுத அன்று பொதுவாக அனுமதி இல்லை.

வருமானம் போவதைப் பார்த்த எட்டாம் ஹென்றி 1536ல் இதற்குக் கடிவாளம் போட்டார். எதிர்ப்பு கிளம்ப, 1540ல் உயில் எழுத வழிவிட்டார். ஆனால் அந்த யோசனை சாகவில்லை. இன்றைய 'டிரஸ்ட்' அதில் இருந்து வளர்ந்ததுதான்.

இன்று என்ன மிச்சம்?

ராணுவ சேவைக்கு நிலம் என்ற முறையும் வார்ட்ஷிப்பும் 1660ல் ஒழிந்தன. உயில் இல்லாவிட்டால் நிலம் மூத்த மகனுக்கு என்ற விதி 1925ம் ஆண்டுச் சட்டத்தோடு போனது. அரச குடும்பத்திலேயே, 2011 அக்டோபர் 28க்குப் பிறகு பிறந்தவர்களில் அக்காவைத் தம்பி முந்த முடியாது.

ஆனால் பெரும்பாலான பிரபு பட்டங்களுக்கு இது பொருந்தாது. 1999ல் பரம்பரைப் பிரபுக்கள் பெரும்பாலோர் அவையில் இருந்து வெளியேற்றப்பட்டபோது 92 இடங்கள் மட்டும் விடப்பட்டன. காலியான இடத்துக்கு அவர்களுக்குள்ளேயே தேர்தல் நடந்து வந்தது. 2016ல் நடந்த ஒன்றில் வேட்பாளர்கள் 7 பேர், வாக்காளர்கள் 3 பேர்! 2020ல் மார் கோமாட்டி ஓய்வு பெற்றபோது அந்த 92 இடங்களில் ஒரு பெண்கூட இல்லாமல் போனது. 2024 மசோதாவின் இலக்கு இந்த இடங்கள் மட்டும்தான். இருக்கை போனாலும், பட்டம் யாருக்குப் போகும் என்ற விதி அதனால் மாறாது.

படைக்கு ஆள் வேண்டும் என்பதற்காக வந்த விதி இது. அந்தப் படை போய் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. மகனை முன்னால் நிறுத்தும் பழக்கம் மட்டும் நிற்கிறது.

இன்னொரு விஷயம். குரோவ்னர் குடும்பத்துக்கு அந்த லண்டன் நிலம் எப்படி வந்தது தெரியுமா? 1677ல் சர் தாமஸ் குரோவ்னர் மணந்த மேரி டேவிஸ் கொண்டுவந்த சுமார் 500 ஏக்கரில் இருந்து. கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பாவை இழந்து வாரிசான அந்தப் பெண்ணுக்குத் திருமணத்தின்போது வயது 12.