விடுமுறையும் லயத்துப் பிள்ளையும்

தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு மண்டையில் நிற்பதில்லை. விடுமுறை கழித்து வரும்போது படித்ததையெல்லாம் மறந்துவிட்டு வருகிறான். ஒவ்வொரு தவணைத் தொடக்கத்திலும் மலையகத்தில் எழும் பேச்சு இது. பேசுவோரில் ஆசிரியர்களும் உண்டு என்பதே நமக்கு வேதனை. மறதியை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பிள்ளையின் மூளைக் குறையென்றும் பெற்றோரின் அக்கறையின்மையென்றும் கூறுவது பச்சைப் பொய்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982 முதல் கார்ல் அலெக்சாண்டர், டோரிஸ் என்ட்விசில் ஆகியோர் மாணவரைப் பல்லாண்டு தொடர்ந்து ஆராய்ந்தனர். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியான வீட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கற்றனர். கோடை விடுமுறையில்தான் இடைவெளி விரிந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. இடைவெளியின் அளவு பற்றிப் பின்வந்தோர் சிலர் மாறுபடுகின்றனர். எனினும் அவர்கள் எழுப்பிய வினா நமக்கும் உரியது: பாடசாலைக் கதவு மூடிய பின் பிள்ளையின் கையில் எஞ்சுவது என்ன?

மஸ்கெலியாவைப் பாருங்கள். இங்கு நீண்ட கோடை விடுமுறை இல்லை. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் மாதங்களின் தவணை விடுமுறைகளே வழக்கம். வசதியுள்ள பிள்ளைக்கு அவை டியூஷன் வகுப்புக் காலம். லயத்துப் பிள்ளைக்கோ? தாய் காலையிலேயே கொழுந்துக் கூடையுடன் மலையேறிவிடுகிறாள். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் தம்பி தங்கையைப் பார்ப்பதும், விறகு பொறுக்குவதும், தண்ணீர் சுமப்பதுமே மூத்த பிள்ளையின் ஓய்வு. அங்கே மேசை எது? நூல் எது? 2020இலும் 2021இலும் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கைபேசிச் சமிக்ஞை தேடி மலைநாட்டுப் பிள்ளைகள் குன்றேறினார்களே, அவர்களா அக்கறையற்றவர்கள்?

இந்த வஞ்சனை நேற்று முளைத்ததன்று. 1945இல் இலங்கையில் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகள் அதன் வெளிவாசலிலேயே நிறுத்தப்பட்டன. 1948இல் குடியுரிமையும் பறிபோயிற்று. 1970களில்தான் அரசு அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறைக் காலம் கட்டிப்போட்டுவிட்டு, ஓட்டத்தில் பிந்திவிட்டான் என்று ஏசுவது எந்த நியாயம்?

இதற்கு மருந்தென்று சிலர் நீட்டுவது, பாடத்தைப் பார்த்துப் பத்து முறை எழுதும் விடுமுறை வேலை. அதனால் கை வலிக்கும்; அறிவு வளராது. வேறு சிலர் நீட்டுவது காசுக்கு விற்கும் வகுப்பு. நாட்கூலியில் பங்கு கேட்பது கல்வித் தொண்டன்று, வாணிகம்.

நாம் சொல்வது வேறு. தாயின் சம்பளத் துண்டு பிள்ளையின் கணக்குப் புத்தகமாகட்டும். பறித்த கொழுந்து எத்தனை கிலோ, நிறுவையில் கழித்தது எத்தனை? சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதமும் நிருவாகத்தின் 12 வீதமும் முறையாகப் போயினவா? சங்கச் சந்தா எவ்வளவு, கைக்கு வந்தது எவ்வளவு? கூட்டலும் கழித்தலும் வீதமும் அதில் உண்டு. அநியாயம் இருப்பின் அதுவும் அங்கேயே வெளிப்படும். பாட்டியின் தாலாட்டையும் ஒப்பாரியையும் காமன் கூத்தின் கதையையும் பிள்ளை கேட்டு எழுதட்டும். சி.வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டுப் பாடல்கள் இத்தகைய வாய்களில் வாழ்ந்தவையே. 1969இல் மவுசாகலை நீர்த்தேக்கத்துள் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரைப் பற்றி முதியோரிடம் விசாரித்தால், சரித்திரமும் புவியியலும் சேர்ந்தே வரும்.

ஆனால் இந்தச் சுமையைக் களைத்து வரும் தாயின் தலையில் ஏற்ற நமக்கு உரிமையில்லை. விடுமுறையிலும் பாடசாலையில் ஓர் அறை திறந்திருக்க வேண்டும். அலுமாரியில் பூட்டிய நூல்கள் லயத்துக்கு வர வேண்டும். அங்கே பொறுப்பாயிருக்கும் ஆசிரியருக்கு அரசு ஊதியம் தர வேண்டும். சந்தா வாங்கும் சங்கங்கள் இவற்றைத் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். விடுமுறையில் தோட்டம் திரும்பும் பல்கலைக்கழக மாணவத் தோழர்களே, அந்த அறை திறக்கும் வரை காத்திராதீர்கள். கோயில் மண்டபத்தில் பாய் விரித்துப் பத்துப் பிள்ளைகளோடு உட்காருங்கள். தாயின் சம்பளத் துண்டில் பிழை காட்டக் கற்ற பிள்ளையை மந்தன் என்று சொல்ல எவருக்கும் நா எழாது.