திரையும் கதையும்

கதையில் விருப்பம் இல்லாத மனிதர் அரியர். பாட்டி சொன்ன கதையைக் கேட்டு வளரும் குழந்தை, பள்ளிப் பருவத்தில் கதை நூல்களைத் தேடிப் படிக்கிறது. சில ஆண்டுகள் சென்றபின் தானே ஒரு கதை எழுதிப் பார்க்க விழைகிறது. அவ்வாறு எழுத அமரும் மாணவர் முதலில் எதனை எண்ணுகின்றனர்? 'துப்பறியும் கதை எழுதலாமா? பேய்க் கதை எழுதலாமா? நகைச்சுவைக் கதை எழுதலாமா?' என்றே பெரும்பாலோர் எண்ணுகின்றனர். வகையை முடிவு செய்துகொண்டு, பிறகு அந்த வகைக்கு வேண்டிய ஆட்களைத் தேடுகின்றனர். துப்பறியும் கதையானால் கூரிய அறிவுடைய காவலர் ஒருவர் வருகிறார்; முகத்தில் வடுவுடைய திருடன் ஒருவன் வருகிறான். நகைச்சுவைக் கதையானால் பருத்த உடலும் மறதியும் உடைய ஒருவர் வந்து சேர்கிறார். இவர்கள் மனிதர் போல் உடுத்திய பொம்மைகள். கதை முடிந்ததும் படித்தவர் நெஞ்சில் இவர்கள் தங்குவதில்லை.

இம்முறையைத் தலைகீழாக மாற்றுதல் வேண்டும். முதலில் மனிதர், பிறகே கதையின் வகை. ஒருவரை உள்ளவாறு கண்டுகொண்டால், அவருடைய வாழ்வே கதையை நடத்திச் செல்லும். அது சிரிப்பின் வழியே சென்று அழுகையில் முடியலாம். அச்சத்தில் தொடங்கி அன்பில் முடியலாம். இந்த உண்மையைக் கதை எழுத விரும்புவோர்க்கு நன்கு கற்பிப்பவை சுயாதீனத் திரைப்படங்கள்.

திரைப்படத்தைக் கண்டு எழுத்தைக் கற்பதா என்று சிலர் வினவலாம். எல்லாப் படமும் இதனைக் கற்பிக்கும் என்று கூறுவதற்கில்லை. பெரும்பொருள் செலவிட்டுப் படம் எடுப்போர் அப்பொருளைத் திரும்பப் பெற்றாக வேண்டும். ஆதலின், மக்கள் முன்பே விரும்பிய அச்சிலேயே புதிய படத்தையும் வார்க்க அவர்கள் முற்படுவர். பெரிய நிறுவனங்களின் பணத்தையும் ஆணையையும் சாராமல், கலைஞர் தம் பொறுப்பில் சிறு முதல் கொண்டு எடுப்பதே சுயாதீனத் திரைப்படம். அதனிடம் வானளாவிய அரங்க அமைப்புகள் இல்லை. புகழ்பெற்ற நடிகர்கள் இல்லை. காட்டுவதற்கு எஞ்சியிருப்பது மனித முகமும் மனிதர் வாழும் இடமுமே. சிறு முதலில் எடுத்தவை யாவும் சிறந்தவை அல்ல. எனினும், சிறந்து விளங்கியவற்றில் அந்த எளிமையே கலைஞரின் கண்ணைக் கூர்மையாக்கியது எனலாம்.

இதற்கு ஒரு சான்று, 1948ஆம் ஆண்டில் இத்தாலியில் விட்டோரியோ டி சிகா என்பவர் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்' என்னும் படம். இதற்குப் பொருளுதவி செய்ய அமெரிக்கப் படத் தயாரிப்பாளர் ஒருவர் முன்வந்தார் என்றும், தலைமை வேடத்தைப் புகழ்மிக்க நடிகரான கேரி கிராண்டுக்கு அளிக்கக் கேட்டார் என்றும் கூறுவர். டி சிகா அதற்கு உடன்படவில்லை. நடிப்புத் தொழிலை அறியாத லாம்பெர்ட்டோ மாஜியோரானி என்னும் தொழிற்சாலைத் தொழிலாளியையே அவர் தேர்ந்தெடுத்தார்.

படத்தின் கதை மிகச் சிறியது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். ரோம் நகரில் வேலையின்றிப் பலர் வாடுகின்றனர். அந்தோனியோ என்பவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. ஆனால், அவ்வேலைக்குச் சைக்கிள் வேண்டும். அடகில் இருக்கும் சைக்கிளை மீட்பதற்காக அவன் மனைவி வீட்டிலுள்ள படுக்கை விரிப்புகளைக் கொண்டுபோய் அடகு வைக்கிறாள். வேலைக்குச் சென்ற முதல் நாளிலேயே அந்தச் சைக்கிள் களவு போகிறது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தந்தையும் சிறுவனான மகன் புரூனோவும் அதனைத் தேடி நகரெங்கும் அலைகின்றனர்.

களவு, தேடல், துரத்தல் ஆகிய இவை யாவும் துப்பறியும் கதைக்கு உரியவை அன்றோ? துப்பறியும் கதையின் இலக்கணப்படி இறுதியில் திருடன் பிடிபட வேண்டும். இங்கோ, திருடன் என்று அந்தோனியோ பற்றிய இளைஞனும் வறியவனாகவே இருக்கிறான். அவனுக்கு எதிராகச் சான்று ஒன்றும் இல்லை. மாலையில், மனம் உடைந்த அந்தோனியோ தெருவில் நின்ற வேறொருவர் சைக்கிளைத் தானே எடுத்துக்கொண்டு ஓடுகிறான், பிடிபடுகிறான், மக்கள் அவனைச் சூழ்ந்து அடிக்கின்றனர். அழுதுகொண்டு ஓடி வரும் சிறுவனைக் கண்டதும், சைக்கிளுக்கு உரியவர் இரங்கி அவனை விட்டுவிடுகிறார். தலை கவிழ்ந்து நடக்கும் தந்தையின் கையை மகன் பற்றிக்கொள்கிறான். படத்தின் பெயரில் 'திருடர்கள்' என்னும் பன்மை ஏன் வந்தது என்பது அப்போதுதான் விளங்குகிறது.

தெருவில் கூடியவர்கள் அறிந்தது 'திருடன்' என்னும் ஒரு சொல்லை மட்டுமே. படம் பார்த்தவர்களோ அந்தோனியோவை அறிந்திருக்கின்றனர். விரிப்புகளை அடகு வைத்த மனைவியையும், பசித்த மகனுக்கு உணவு வாங்கித் தந்த நேரத்தையும் அறிந்திருக்கின்றனர். அவன் செய்தது தவறன்று என்று படம் வாதாடவில்லை. தவறு செய்தவன் யார் என்பதை முழுமையாகக் காட்டிவிட்டு விலகி நிற்கிறது. சிறந்த கதையும் செய்ய வேண்டியது இதுவே.

1950ஆம் ஆண்டில், விளம்பர நிறுவனம் ஒன்றில் ஓவியராகப் பணியாற்றிய வங்காள இளைஞர் ஒருவர் தம் அலுவல் காரணமாக இலண்டன் சென்றிருந்தார். அங்கே இப்படத்தைக் கண்டு நெஞ்சம் நெகிழ்ந்தார். அவரே சத்யஜித் ராய். விபூதிபூஷண் பந்தோபாத்தியாய எழுதிய 'பதேர் பாஞ்சாலி' என்னும் புதினத்தைப் படமாக்க அவர் உறுதி கொண்டார். படப்பிடிப்பு 1952இல் தொடங்கியது. பணத்துக்காக ஆயுள் காப்பீட்டின்மேல் கடன் வாங்கினார். தாம் அரிதிற் சேர்த்த இசைத்தட்டுகளை விற்றார். மனைவியின் நகைகளும் அடகுக்குச் சென்றன. இறுதியில் மேற்கு வங்க அரசு பொருள் தந்து உதவியது. 1955இல் படம் வெளிவந்தது. மறு ஆண்டில் பிரான்சு நாட்டுக் கான் திரைப்பட விழா, மனித வாழ்வின் சிறந்த ஆவணம் என்று அதற்குப் பரிசு வழங்கியது. எளிய மனிதரின் கதையை யார் விரும்புவர் என்று ஐயுறுவோர்க்கு இதுவே விடையாகும்.

அப்படத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி கதை எழுதுவோர் பலமுறை எண்ணிப் பார்க்கத் தக்கது. அண்டை வீட்டுச் சிறுமியின் மணிமாலை காணாமற் போகிறது. துர்க்கை என்னும் ஏழைச் சிறுமியே திருடினாள் என்று அவ்வீட்டார் வந்து பழி கூறுகின்றனர். துர்க்கை மறுக்கிறாள். அவமானம் தாங்காத தாய் அவளை அடிக்கிறாள். பின்னர்த் துர்க்கை நோயுற்று இறந்துபோகிறாள். குடும்பம் ஊரை விட்டுப் புறப்படும் வேளையில், பரணிலிருந்த பழைய பொருள்களை எடுக்கும் தம்பி அப்புவின் கையில் ஒரு கொட்டாங்கச்சி கிடைக்கிறது. அதனுள் அந்த மணிமாலை இருக்கிறது. சிறுவன் ஒன்றும் பேசவில்லை. குளக்கரைக்கு ஓடி அதனை நீரில் எறிகிறான். விலகிய பாசி மெல்ல மெல்ல மீண்டும் கூடி நீரை மூடிக்கொள்கிறது.

இதுவும் ஒரு களவின் துப்புத்தான். துப்பறியும் கதையில் இழந்த பொருள் கண்டெடுக்கப்பட்டதும், உண்மையை அனைவரும் அறியுமாறு உரைப்பர். இங்கே உண்மையைக் கண்டவன் அதனை மறைக்கிறான். திருடியவள் என்ற பெயர் இறந்த தமக்கையின்மேல் நிலைத்துவிடலாகாது என்று அச்சிறு நெஞ்சம் கருதியதாகக் கொள்ளலாம். ஆயினும், அக்கருத்தைச் சொல்லும் உரையாடல் ஒன்றும் படத்தில் இல்லை. ஒரு மாலை, ஒரு குளம், ஒரு சிறுவன். அன்பும் இழப்பும் அவற்றிலேயே அடங்கிவிடுகின்றன. உள்ளத்து உணர்ச்சி உடலிலும் செயலிலும் வெளிப்பட்டுப் பிறர்க்குப் புலனாவதை மெய்ப்பாடு என்று தொல்காப்பியர் வகுத்துரைத்தார். 'அவன் மிகவும் வருந்தினான்' என்று எழுதி அமையும் மாணவர், வருத்தத்தை ஒரு செயலால் காட்டும் இம்முறையைப் பயிலுதல் நலம்.

திரையில் பெற்ற பயிற்சி எழுத்தில் எவ்வாறு கனியும் என்பதையும் ராயின் வாழ்விலேயே காணலாம். அவருடைய பாட்டனார் உபேந்திரகிசோர், 'சந்தேஷ்' என்னும் சிறுவர் இதழை 1913இல் தொடங்கியவர். இடையில் நின்றுபோன அவ்விதழை ராய் தம் நண்பரோடு சேர்ந்து 1961இல் மீண்டும் தொடங்கினார். அதற்கெனத் தாமே கதைகள் எழுதலானார். படங்களால் புகழ் பெற்ற பின்னரே கதையாசிரியராகவும் அவர் அறியப்பட்டார்.

1962இல் அவர் எழுதிய கதை ஒன்றில் வங்குபாபு என்னும் சிற்றூர் ஆசிரியர் வருகிறார். மாணவர் குறும்பு செய்தாலும் சினம் கொள்ளாதவர் அவர். மாலைதோறும் வழக்கறிஞர் ஒருவர் வீட்டில் கூடும் பெரியவர்களோ, மாணவரினும் கொடுமையாக அவரை எள்ளி நகையாடுகின்றனர். அவர் எதிர்த்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. ஓர் இரவு மூங்கில் தோப்பின் வழியே வீடு திரும்பும்போது, கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம் போன்ற ஊர்தி ஒன்றைக் காண்கிறார். வேற்றுக் கோளிலிருந்து வந்த ஒருவர் அதிலிருந்து இறங்குகிறார். வங்குபாபு என்றும் காண இயலாத வடதுருவத்தை அங்கேயே அவருக்குக் காட்டுகிறார். அவமதிப்பை வாய் திறவாமல் பொறுத்துக்கொள்வது தகாது என்றும் எடுத்துரைக்கிறார். பின்னர், தம்மை எள்ளியவர் நடுவே தலைநிமிர்ந்து நின்று பேசும் வங்குபாபு, அக்கூட்டத்தை விட்டு விலகுகிறார்.

இக்கதை எவ்வகையைச் சேர்ந்தது? விண்ணூர்தி வருவதால் அறிவியல் கதை எனலாம். சிரிப்பு மிகுந்திருப்பதால் நகைச்சுவைக் கதை எனலாம். எளியவர் ஒருவர் தம் மதிப்பை உணர்ந்த கதை எனலாம். மூன்றும் ஒருங்கே பொருந்தும். வேற்றுக் கோளின் வியப்புகளை அடுக்குவது ஆசிரியர் நோக்கமாயின், விண்ணூர்தி பெரிய அறிவியல் கூடத்தின் அருகே இறங்கியிருக்கும். அது வங்குபாபு நடக்கும் வழியில் இறங்கியதன் காரணம், அவரைக் காணவும் மதிக்கவும் ஒருவர் தேவைப்பட்டார் என்பதே. மனிதரின் தேவையே அறிவியல் கற்பனையை அக்கதைக்குள் அழைத்து வந்தது.

மறு ஆண்டில் வந்த மற்றொரு கதையின் தலைவர் பட்டோல்பாபு, வறுமையில் வாடும் பழைய நாடக நடிகர். திரைப்படத்தில் நடிக்க அழைக்கப்பட்டு ஆவலோடு செல்லும் அவருக்குக் கிடைப்பது 'ஆ' என்னும் ஒற்றை ஒலி மட்டுமே. முதலில் மனம் குன்றுகிறார். பிறகு அந்த ஓர் ஒலியைப் பல உணர்ச்சிகளில் ஒலித்துப் பார்த்துப் பழகுகிறார். குறையின்றி நடித்து முடித்தபின், கூலிக்குக் காத்திராமல் சென்றுவிடுகிறார். வறியவர்க்குப் பணம் தேவையில்லையா? தேவைதான். ஆனால், அன்று அவர் பெற்ற நிறைவைப் பணத்தோடு ஒப்பிட அவருக்கு மனம் வரவில்லை. ஒரு மனிதரை நன்கு அறிந்த ஆசிரியரே இத்தகைய முடிவை எழுத இயலும்.

வகைகளைக் கலப்பது எளிது என்று எண்ணிவிடலாகாது. பாட்டு இத்தனை, சண்டை இத்தனை, சிரிப்பு இத்தனை என்று அளந்து சேர்க்கும் படங்களும் கலப்பினவே. அவற்றில் கலப்பு விற்பனையை நோக்கியது; ஒரு சுவைக்கும் மற்றொரு சுவைக்கும் உறவு இராது. மேலே கண்ட கதைகளில் கலப்பு வாழ்விலிருந்து வருகிறது. துக்க வீட்டிலும் குழந்தை சிரிக்கிறது. திருமண வீட்டிலும் ஒரு மூலையில் ஒருத்தி கண்ணீரைத் துடைக்கிறாள். ஆகவே, ஒரு நிகழ்ச்சியைச் சேர்க்குமுன், 'இது இந்த மனிதருக்கு நேரக்கூடியதா? இதனால் அவரைப் பற்றி ஏதேனும் புதிதாகத் தெரிய வருகிறதா?' என்று எழுதுவோர் வினவிக்கொள்ள வேண்டும். இல்லையெனில், அது எத்துணை இனியதாயினும் விலக்கத் தக்கதே.

திரையினின்று கொள்ளத் தகாதனவும் உள. எழுத்துக்குத் தனி ஆற்றல் உண்டு. சைக்கிளைத் தொடுமுன் அந்தோனியோவின் உள்ளத்தில் நிகழ்ந்த போரை அவனுடைய முகத்தாலும் நடையாலுமே படம் உணர்த்த இயலும். எழுத்தாளர் அவ்வுள்ளத்தின் உள்ளேயே நுழையலாம். ஆதலின், கண்ட காட்சிகளை வரிசையாக எழுதிவைத்தல் கதையாகாது. கூர்ந்து நோக்கும் கண்ணைத் திரையினின்று பெற்று, உள்ளத்தை ஊடுருவும் சொல்லை மொழியினின்று பெறுவதே முறை.

உலகம் மனிதருக்கு ஒற்றைச் சொல்லில் பெயர் சூட்டிவிடுகிறது: அந்தோனியோ திருடன், துர்க்கை திருடி, வங்குபாபு கோழை. சூட்டியபின் அவர்களை அது திரும்பிப் பார்ப்பதில்லை. கதைக்கு முன்கூட்டியே வகைப்பெயர் சூட்டிவிட்டு எழுதுவோரும் இதே பிழையைச் செய்கின்றனர். அச்சொல்லுக்கு அப்பால் சென்று ஒருவரை முழுமையாகக் காண்பது அறம். கண்டதைப் பிறரும் காணுமாறு செய்வது கலை. ஒவ்வோர் ஊரிலும், ஒவ்வொரு பள்ளியிலும் இவ்வாறு ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டவர் சிலர் இருப்பர். கதை எழுத விரும்பும் மாணவர், வகையைத் தேடுவதை நிறுத்திவிட்டு, அவர்களுள் ஒருவரை அன்போடு கூர்ந்து நோக்கத் தொடங்குவாராக. எழுத வேண்டிய கதை அங்கே காத்திருக்கிறது.