காசைத் தின்னும் உறை



நீங்கள் ராஜகுளத்தில் வசிப்பதாக வைத்துக்கொள்வோம். உங்கள் தாத்தா 1957ஆம் ஆண்டின் ஒரு நயா பைசாவைத் தருகிறார். வெண்கலத்தாலான சின்னக் காசு. மெத்தென்ற, பளபளக்கும் பிளாஸ்டிக் உறைகள் கொண்ட ஆல்பம் ஒன்றை வாங்கி, அதில் பத்திரமாகச் செருகி வைக்கிறீர்கள். சில கோடைகள் கழித்துப் பார்த்தால், காசின்மேல் பச்சை நிறப் பிசுபிசுப்பு! கெடுத்தது யார்? காப்பதற்கென்று வாங்கிய அந்த உறையேதான்.

எப்படி? இத்தகைய உறைகளில் பல பாலிவினைல் குளோரைடு, சுருக்கமாகப் பி.வி.சி., என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. அதை மென்மையாக்க எண்ணெய் போன்ற பொருள்களைக் கலக்கிறார்கள். நாளடைவில் இவை கசிந்து காசில் ஒட்டுகின்றன. மேலும், பி.வி.சி. சிதையும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்படுகிறது. காற்றின் ஈரத்துடன் சேர்ந்தால் அதுவே ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது செம்பைத் தாக்கிப் பச்சை நிற உப்புகளை உண்டாக்குகிறது. வெப்பமும் ஈரமும் இவ்வினையை விரைவாக்கும். சித்திரை வெயிலும் ஐப்பசி மழையும் காணும் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இரண்டுக்கும் பஞ்சமில்லை!

குளோரைடின் தீங்கு நமக்குப் புதிதன்று. மண்ணில் புதைந்து கிடந்த வெண்கலச் சிலைகளையும் அது அரித்திருக்கிறது. அத்தகைய பொருள்களைப் பேணுவதற்காக 1930இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. சிலைக்கு மண்ணிலிருந்து வந்த பகை, நம் காசுக்குக் கடையிலிருந்து வருகிறது!

அப்படியானால் எதை வாங்குவது? பாலித்தீன், பாலிபுரோப்பிலீன், பாலியெஸ்டர் ஆகியவற்றில் குளோரின் இல்லை. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள். 2, 4 என்றால் பாலித்தீன். 5 என்றால் பாலிபுரோப்பிலீன். 3 என்றால் பி.வி.சி.; அது வேண்டாம்.

எண் இல்லையா? உறையின் ஓரத்தில் சிறு துண்டு வெட்டுங்கள். ஒரு சொட்டு சோப்புக் கரைசல் கலந்த நீரில் அதை அமிழ்த்தி, ஒட்டிய காற்றுக் குமிழிகளை நீக்கிவிட்டுக் கையை எடுங்கள். பாலித்தீனும் பாலிபுரோப்பிலீனும் நீரைவிட அடர்த்தி குறைந்தவை; மிதக்கும். பி.வி.சி. மூழ்கும். பாலியெஸ்டரும் மூழ்கும் என்பதால், மூழ்குவதெல்லாம் பி.வி.சி. அல்ல. ஆனாலும் ஐயம் இருந்தால் ஒதுக்கிவிடுவதே நல்லது.

உறையின் பளபளப்பும் விலையும் பாதுகாப்புக்குச் சான்றாகா. என்ன பிளாஸ்டிக் என்பதை ஆல்பம் தயாரிப்போர் அட்டையில் அச்சிட வேண்டும். வாங்கும் நாமும் அதைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்றே உங்கள் ஆல்பத்தைத் திறந்து பாருங்கள். பச்சை படிந்த காசு இருந்தால் உடனே உறையிலிருந்து எடுத்துத் தனியே வையுங்கள். புளி போட்டுத் தேய்க்காதீர்கள். புளியிலும் அமிலம் உண்டு. தேய்த்தால் காசு பளிச்சிடும். ஆனால் அதன் எழுத்தும் ஆண்டும் தேயும். தேய்ந்தது திரும்பி வராது!