மூலமும் முத்திரையும்

எழுத்திலாயினும் இயந்திரத்திலாயினும், ஒன்றைப் பார்த்து மற்றொன்று செய்யப்பட்டால் அதனைத் திருட்டென்று இகழ்வது எளிது. ஆனால், பார்த்துச் செய்தவை யாவும் ஒரு தன்மையன அல்ல. நூல்களை முதல், வழி, சார்பு எனப் பகுத்த நன்னூலார், முன்னோன் நூலைத் தழுவியும் தனக்கு வேண்டிய வேறுபாட்டைச் செய்யும் வழிநூலுக்கு மதிப்பானதோர் இடம் அளித்தார். மோட்டார் கார்களை மதிப்பிடுவோருக்கும் இப்பகுப்பு உதவும் என்பது என் கருத்து.

1959இல் பிரித்தானியாவில் வெளிவந்த மினி காரை எடுத்துக்கொள்வோம். சுயெஸ் நெருக்கடியால் எரிபொருள் அருகிய நாட்களில் கருக்கொண்ட வண்டி அது. பத்தடி நீளத்துள் நால்வர் அமர இடம் வேண்டுமென்பதற்காக, அலெக் இசிகோனிஸ் இயந்திரத்தைக் குறுக்காக வைத்து, முன்சக்கரங்களை இயக்கச் செய்தார். கியர்ப் பெட்டியை இயந்திரத்தின் அடியில், அதன் எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமைத்தார். இதனை முழுமுதற் படைப்பென்று போற்றுவோர், ஜேர்மனியின் டி.கே.டபிள்யூ. கம்பனி குறுக்கு இயந்திரமும் முன்சக்கர இயக்கமும் கொண்ட சிறு காரொன்றை 1931இலேயே செய்ததை மறந்துவிடுகின்றனர். மூலத்துக்கும் மூலமுண்டு.

இத்தாலியில் டான்டே ஜியாகோசாவும் இவ்வழியையே பின்பற்றினார்; ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றவில்லை. இயந்திரத்துக்கும் கியருக்கும் ஒரே எண்ணெய் என்ற நிலையை மாற்றி, கியர்ப் பெட்டியை இயந்திரத்தின் பக்கத்திலே தனியாக வைத்தார். 1964இல் ஓட்டோபியாங்கி பிரிமுலாவிலும், 1969இல் பியட் 128இலும் வந்த அவ்வமைப்பே பிற்காலச் சிறு கார்களின் பொது இலக்கணமாயிற்று. காரணத்தை உணர்ந்து கற்பவன் ஆசிரியனையும் விஞ்சுவான் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

பெயரைக் கடன்கொள்வது மற்றொரு வகை. 1962இல் பெராரி கம்பனி தன் காரொன்றுக்கு ஜீ.ரீ.ஓ. என்று பெயரிட்டது. பந்தயத்துக்கு ஒப்புதல் பெற்ற நெடும்பயணக் கார் என்பது அவ்வெழுத்துக்களின் பொருள். செய்யப்பட்டவை 36 மட்டுமே. 1964ஆம் ஆண்டுக்கான தன் காரொன்றில் அமெரிக்காவின் பொன்ரியாக் கம்பனி அதே எழுத்துக்களைப் பொறித்தது. அதற்கு அத்தகைய பந்தய ஒப்புதல் இல்லை. எனினும், நடுத்தர அளவான உடலொன்றில் 6.4 லீற்றர் இயந்திரத்தைப் பொருத்தியது மெய். பெயர் இரவல்; ஆற்றல் சொந்தம். ஆகவே அதனைப் போலியென்று தள்ள நான் இசையேன்.

என்னை வருத்துவது மூன்றாவது வகை. அது, ஒருவன் தன்னையே நகல் செய்தல். பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 1972இல் பந்தயக் கார்களுக்கென ஒரு பிரிவை அமைத்தது. அதன் அடையாளமான 'எம்' என்னும் எழுத்து பொறியியலாளரின் உழைப்பாற் பெயர் பெற்றது. இன்றோ, சாதாரண இயந்திரமுள்ள கார்களுக்கும் அவ்வெழுத்தைத் தாங்கிய சக்கரங்களும் அலங்காரங்களும் விலைக்குக் கிடைக்கின்றன. 2011இல் வெளிவந்த எம் 5 காரிலே, இயந்திரத்தின் முழக்கம் ஒலிபெருக்கிகளின் வழியாகவும் உள்ளிருப்போருக்கு ஊட்டப்பட்டது. அக்கார் வலிமை மிக்கது என்பதில் ஐயமில்லை. இருந்தும், தன் குரலைத் தானே நடிக்க நேர்ந்ததே!

வாங்குவோன் அறிந்தே வாங்குகிறான், இதில் வஞ்சனை எங்கே என்று சிலர் கேட்பர். அவன் அறிந்திருக்கலாம், ஆனால் எழுத்தின் பொருள் தேய்ந்துபோகிறது. நாளை உண்மையாக உழைத்து ஆற்றலைப் பெருக்கும் பொறியியலாளன், அதனை எந்தச் சொல்லால் உலகுக்கு அறிவிப்பான்?

2019இல் பீஜிங் நீதிமன்றமொன்று, ரேஞ்ச் ரோவர் இவோக்கின் உருவைப் பின்பற்றிய லாண்ட்விண்ட் எக்ஸ் 7 காரின் விற்பனையை நிறுத்தும்படி தீர்ப்பளித்தது. பிறன் உருவைக் கவர்ந்தவனைச் சட்டம் தடுக்கும். தன் சொல்லைத் தானே வெறுமையாக்குபவனைத் தடுப்பதற்கோ இரசிகரின் விமர்சனமன்றி வேறு வழியில்லை. 'யாரைப் பார்த்துச் செய்தாய்?' என்று கேட்பதோடு நாம் நின்றுவிடுகிறோம். 'பார்த்தபின் நீ என்ன செய்தாய்?' என்று கேட்கப் பழகுவோமாயின், காரிலும் கவிதையிலும் மெய்யான உழைப்புக்கு உரிய மதிப்புக் கிடைக்கும்.